நான் நடக்காத வழி

மார்ச் 9, 1952, ஞாயிறு

விடியலிலிருந்து மழை. பத்திரிகைக் கட்டு கிள்ளான் பஸ்ஸில் தாமதமாக வந்தது. என் கட்டுரை ஐந்தாம் பக்கம்.

அந்தக் காலத்தில் அரிசியும் உப்பும் கோலா சிலாங்கூரிலிருந்து ஆற்று வழியே ஈயம் தோண்டும் அம்பாங் பெச்சாவுக்குப் போனதும், ஈயம் கீழே வந்ததும் பற்றி. படகு போகாத இடத்தில் தலைச்சுமை, காட்டுத் தடம். "ஆறு குறுகும் இடத்தில் இடக்கரை ஏறுங்கள். தடம் தானே கூட்டிப் போகும். மூட்டையோடு போகிறவன் யார் கண்ணிலும் பட மாட்டான்."

எல்லாம் ஒரு பழைய அரசாங்க அறிக்கையில் படித்தது. வறட்டு அறிக்கை. வாசகனைக் கையைப் பிடித்து அழைத்துப் போவதுபோல எழுதினால் படிப்பார்கள் என்று நினைத்தேன்.

கட்டுரைக்கு நேர் மேலே அரிசிக் கட்டுப்பாட்டு அறிவிப்பு. தோட்டத்து வேலிக்கு வெளியே அரிசி கொண்டுபோனால் சிறை; காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குப் போய்விடக் கூடாதாம். யார் இப்படி அடுக்கினார்கள்? இரண்டையும் சேர்த்துப் படித்தேன். மேலே தடை, கீழே அதற்கு வழி.

வாங்க வேண்டியது: மை, சவர பிளேடு, தலைவலித் தைலம்.

மார்ச் 11, செவ்வாய்

வெயில். மரியம்மா வந்தாள். ஆற்றோரத் தோட்டத்து டிரெஸர் அந்தோணியின் மனைவி. தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுவது அந்தோணியின் வேலை. ஞாயிறு மாலை தேத்தண்ணிக் கடையில் எல்லாருக்கும் பத்திரிகை வாசித்துக் காட்டுவதும் அவன்தான். அவன் குரலில் சாவுச் செய்திகூடக் கூத்தாகிவிடும்.

"ஐயா, பேப்பரு படிச்சதுக்கு மனுஷன புடிச்சிக்கிட்டுப் போவாங்களா?"

"என்னம்மா நடந்துச்சு?"

"உங்க கதையத்தான் படிச்சாரு. துண்ட மூட்டையாட்டம் தலயில வச்சிக்கிட்டு, பதுங்கிப் பதுங்கி நடந்து காட்டினாரு. மேல இருந்த அரிசி நோட்டீசையும் வேல வாங்குற மண்டோர் கொரல்லயே படிச்சாரு. சனமெல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சிச்சு. அவ்ளோதான் லா."

யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்: டிரெஸர் காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி அனுப்ப வழி சொல்லிக் கொடுக்கிறான் என்று.

விசாரணை இல்லாமலே தடுப்புக்காவல். அதற்குப் பிறகு குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். மரியம்மா பிறந்ததே இங்கே மலாயாவில்தான். "எனக்கு இந்தியாவுல யாரு இருக்கா?" என்று கேட்டாள். நான் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன தெரியும் எனக்கு?

தெருவில் ஜீப் சத்தம். எழுந்து கதவைத் தாழிட்டேன். அவள் பார்த்துவிட்டாள்.

மார்ச் 12, புதன்

அழைப்பதற்கு முன் நானே போலீஸ் நிலையம் போனேன்.

வெள்ளைக்கார அதிகாரி. சின்ன வயது, முகமெல்லாம் வேர்க்குரு. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் தம்பையா. பெஞ்சில் அந்தோணி, காலில் செருப்பில்லை. கட்டுரையை வாசிக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடப் பூகோளப் பாடம்போல, ஏற்ற இறக்கமே இல்லாமல் வாசித்தேன். அதிகாரி கொட்டாவி விட்டார். பிழைத்தோம் என்று நினைத்தேன்.

பெஞ்சிலிருந்து முணுமுணுப்பு. "ஐயோ, இப்படியா வாசிக்கிறது? நல்ல எழுத்த வீணாக்குறீங்களே!"

"வாய மூடு லா," என்றார் தம்பையா.

அதிகாரி கட்டுரையின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையில் எடுத்தார். பழைய அறிக்கையிலிருந்து எழுதினேன் என்றேன். அந்த அறிக்கையைத் தானும் படித்திருக்கிறாராம். தம்பையா தமிழில் சொன்னார்: "அதில இப்படி எழுதல்லையாம். நடந்து பார்த்தவன்தான் இப்படி எழுதுவானாம். நீங்க நடக்கல்லை எண்டால், வழி சொன்னது ஆர் எண்டு கேட்கிறார். இந்த டிரெஸரோ?"

அந்தோணி தரையைப் பார்த்தான். கால் விரல்கள் சுருண்டிருந்தன.

முப்பது வருடமாகச் செய்தி எழுதுகிறேன். பார்க்காததைப் பார்த்தேன் என்று எந்த அதிகாரியிடமும் சொன்னதில்லை.

"நான்தான் நடந்தேன். இந்தக் கம்யூனிஸ்ட் கலவரத்துக்கு முந்தி. தனியா. யாரும் சொல்லல."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. வரைபடத்தை விரித்தார். பிறகு மடித்துவிட்டார். காகிதத்தில் வேண்டாமாம். நாளைக் காலை ரோந்துப் படையோடு போய் நேரில் காட்ட வேண்டும். நான் முன்னால் நடக்க வேண்டும்.

அந்தோணியை மாலை விட்டுவிட்டார்கள். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நெசமாவே நடந்தீங்களா, நிருபரே?"

"ஆமா."

"அதானே. படிக்கறப்பவே தெரிஞ்சிச்சு."

மார்ச் 13, வியாழன்

மூட்டம். தூங்கவில்லை. தடம் இல்லையென்றால் பொய்யன்; அந்தோணி திரும்ப உள்ளே. தடம் இருந்தால் அதில் யார் காத்திருப்பார்கள்? காட்டுக்குள் இருப்பவர்களும் பத்திரிகை படிப்பவர்கள்தான்.

எடுத்துக்கொண்டவை: கான்வாஸ் சப்பாத்து, தண்ணீர், கண்ணாடி. சோறு எடுக்கக் கூடாது.

ஐந்தாம் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். வழி பார்க்க எனக்கும் அது ஒன்றுதான் இருக்கிறது.

கீழே ரோந்துப் படையின் லோரி ஹாரன்