மாத்திரையும் வறுவலும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கப்பல் சமையலறையில் நீயும் உன் கூட்டாளிகளும் சுகம்தானே? இங்கே மழை விட்டுவிட்டது. மாடிச் சுவர்தான் இன்னும் காயவில்லை.

நெஞ்சுவலி வந்து படுத்திருந்த அத்தான் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். ஆனால் இனி பேருந்து ஓட்ட அனுமதி இல்லை. பணிமனையில் விசாரணை ஜன்னலில் உட்கார வைத்திருக்கிறார்கள். எந்த வண்டி எப்போது என்று ஊருக்கெல்லாம் பதில் சொல்கிறவர், தான் ஓட்டிய வண்டி உள்ளே வந்தால் மட்டும் தலையைக் குனிந்துகொள்கிறாராம்.

சாப்பாட்டை மாற்றிவிட்டேன். ஒமேகா ஆறு, ஒமேகா மூன்று இரண்டுமே உடம்புக்கு வேண்டிய கொழுப்புதான் என்றார் டாக்டரம்மா. சூரியகாந்தி எண்ணெயும் பொட்டலத் தீனியுமாக நம் வீட்டில் ஆறு ஏறிப்போய், மூன்று இருந்த இடமே தெரியவில்லையாம். அது ஒன்றால்தான் நெஞ்சுவலி வந்தது என்று சொல்லிவிட முடியாது, சிகரெட்டும் இருக்கிறதே என்றார். இப்போது வறுப்பதில்லை. மத்தி மீனைக் குழம்பாக வைக்கிறேன். ஆளி விதையைப் பொடித்துத் தயிரில் கலக்கிறேன். முதல் நாள் அத்தான், “என்னடி, மரத்தூளையா போட்டிருக்க?” என்றார். இப்போது மறுபேச்சில்லாமல் சாப்பிடுகிறார். அவர் வம்புக்கு இழுத்தால்கூடத் தேவலை என்றிருக்கிறது.

வலி வருவதற்கு முன்பும், நீ அனுப்பிய மீன் எண்ணெய் மாத்திரையை அவர் ஒரு நாளும் விட்டதில்லை. மறு கையில் வறுவல் பொட்டலம் இருக்கும். “மச்சினன் மாத்திரை உள்ள போயாச்சு, இனி எதைத் தின்னாலும் சரியாப் போயிடும்” என்பார். வீடே சிரிக்கும். நீ அக்கறையாக அனுப்பியது அவருக்குச் சாக்காகிவிட்டது. இப்படி ஆகியிருக்க வேண்டாம், தம்பி.

மருத்துவமனை வராந்தாவில் என் மாமியார், “அவன் அந்த மாத்திரையை அனுப்பாம இருந்திருந்தா இவன் வாயைக் கட்டியிருப்பான்” என்று அழுதார். யாரோ அதை உன் காதில் போட்டிருக்கிறார்கள். அதோடு உன் போன் நின்றுவிட்டது. பெற்ற வயிறு பதறிச் சொன்ன பேச்சு அது. அத்தான் உன்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. கடலில் காற்று எப்படி இருக்கிறதாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கப்பல் கரைக்கு வந்ததும் வேறெங்கும் தங்காதே. நேரே வீட்டுக்கு வா. என் மாமியார்தான் கதவைத் திறப்பார். அவர் ஒன்றும் பேசாவிட்டாலும் நீ உள்ளே வந்துவிடு.

நோய் நொடியில்லாமல் நன்றாக இரு.

உன் வரவை எதிர்பார்க்கும்
அக்கா