பதினான்காம் எண் பொட்டலம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், உனக்கும் போன வாரத்து இருமல் விட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன், விடவில்லை என்றால் மறைக்காதே, குரலைக் கேட்டாலே எனக்குத் தெரிந்துவிடும். உன் அப்பா மாடிக் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று கிளம்பி இப்போது கீழ்க் குழாயிலும் தண்ணீர் வரவில்லை, கேட்டால் பிளம்பர் வந்து மட்டும் என்ன கிழித்துவிடப் போகிறான் என்கிறார். அவரிடம் சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை. நாலு நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை பாப்பா. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்கிறேன், அதற்குள் பால் பொங்கி வழிகிறது. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

என் கல்லூரி வகுப்புக்காரிகள் சேர்ந்து ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்கள் என்று சொன்னேன் இல்லையா, ஆளுக்கு ஒரு போட்டோ, நாலு வரி, இப்போது என்ன செய்கிறாள் என்று. எல்லோருக்கும் போன் போட்டு எழுதி வாங்கும் வேலையை என் தலையில் கட்டினாள் எங்கள் வகுப்புத் தலைவி, அந்தக் காலத்திலேயே அவளுக்கு 'பெல்' என்று பேர், அடிக்க ஆரம்பித்தால் நிற்காது. எனக்கும் ஜாலியாகத்தான் இருந்தது. கெமிஸ்ட்ரி லேபில் அழுகின முட்டை வாடைக்கு மயங்கி விழுவாளே ஒருத்தி, அவள் இப்போது சென்ட் கடை வைத்திருக்கிறாள்! முதல் ரேங்க்காரி வேலையெல்லாம் விட்டுவிட்டுத் தேனீ வளர்க்கிறாள். ஆனால் யாரிடம் பேசினாலும் போனை வைக்கும் முன் ஒரே கேள்வி, கடைசி வருஷ பிராக்டிகலில் கை நடுங்கிக் கோட்டை விட்டாளே குச்சி, அவ என்னடி ஆனா என்று. கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு வேறு. முப்பத்து நாலு பேரில் முப்பத்து மூன்று பேரிடம் பேசிவிட்டேன். குச்சிக்கு மட்டும் போன் போடாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஏனென்றால் கோட்டை விட்டது அவள் இல்லை, நான். அந்தத் தேர்வில் ஆளுக்கொரு காகிதப் பொட்டலத்தில் உப்பு கொடுப்பார்கள், மேலே பென்சிலில் எண் இருக்கும், அது என்ன உப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். எனக்குப் பதினான்கு, என் மேசையிலேயே நின்ற குச்சிக்குப் பதினைந்து. அவள் பர்னரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள், உதவி செய்கிறேன் பேர்வழி என்று இரண்டு பொட்டலத்தையும் நானே பிரித்துத் தட்டுகளில் கொட்டினேன். அரைமணி கழித்துப் பார்த்தால் என் பொட்டலத் தாளின் மடிப்பில் ஒட்டியிருந்த தூள் நீலம், என் தட்டில் இருப்பதோ வெள்ளை. மாற்றிக் கொட்டியிருக்கிறேன். பேசினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் அவள் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து முதலிலிருந்து செய்து சரியாக எழுதிவிட்டு வந்தேன். அவள் என் உப்பைத் தப்பில்லாமல் கண்டுபிடித்து, பதினைந்து என்று போட்டு எழுதிக் கொடுத்தாள். ஃபெயில். மறுவருஷம் பாஸ் செய்தாள், ஆனால் மேலே படிக்கக் கிடைத்த சீட் போய்விட்டது, அவளுடைய டீச்சர் வேலைக் கனவும் அதோடு போனது. என் கை நடுங்கலைடி என்று அவள் அழுதபோது நான் கைக்குட்டை கொடுத்தேன் பாப்பா.

நம் வீட்டு டப்பாவில் மூடியில் ஒரு லேபிள், உடம்பில் ஒரு லேபிள் என்று ஒட்டுவேனே, உப்பு டப்பாவில் உப்பில்லாமல் வேறென்னம்மா இருக்கும் என்று நீ கேலி செய்வாயே. இதுதான் காரணம்.

செவ்வாய்க்கிழமை காலை போன் போட்டேன். சோப்புத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசராக இருக்கிறாள். பின்னால் மெஷின் சத்தம், அதற்கு மேலே கத்திக் கத்தித் தன் நாலு வரியைச் சந்தோஷமாகச் சொன்னாள். பிறகு நான் உப்பை மாற்றிக் கொட்டியதைச் சொன்னேன். அப்புறம் சொன்னாள், முப்பத்தாறு வருஷமா என் கைதான் ஏதோ பண்ணிடுச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன், இப்பவும் ஒரு பெட்டிய மூணு தடவ பிரிச்சு எண்ணுவேன், பொண்ணுங்க சிரிப்பாங்க என்று. மன்னிச்சேனா இல்லையான்னு இப்ப கேக்காத என்றாள். புத்தகத்துல எழுது, என் பேருக்குக் கீழ வேணாம், உன் பேருக்குக் கீழ எழுது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பெல்லுக்கு ஒரே கோபம், சந்தோஷமான புத்தகத்துல இது எதுக்கு, பைத்தியமா உனக்கு என்கிறாள். உன் அப்பா பழைய கதை விடு என்றார், அப்புறம் ஸ்பானரும் கையுமாகத் திரும்பி வந்து, எழுதிடு, ஆனா முதல்ல பாப்பாகிட்ட சொல்லிடு என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகிறது. ஊரே என்ன நினைத்தாலும் நினைக்கட்டும், நீ என்ன நினைப்பாய் என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தண்ணீர் பரிசோதனை லேபில் வேலை பார்த்து வாங்கின நல்ல பேர், உன் படிப்பு, உன் வேலை என்று எனக்கு நானே எழுதி வைத்திருந்த நாலு வரியையும் அடித்துவிட்டேன். இப்போது என் போட்டோவுக்குக் கீழே இருப்பது இதுதான்: "குச்சியின் தட்டில் தவறான உப்பைக் கொட்டியது நான். தெரிந்த பிறகும் சொல்லவில்லை. அதனால்தான் அவள் தோற்றாள். அவள் கை நடுங்கவே இல்லை."

நீ நோய்நொடி இல்லாமல், யாரிடமும் எதையும் மறைக்க வேண்டாத மனசோடு இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். இருமல் மருந்தைக் குடிக்கும் முன் லேபிளை இரண்டு தடவை படி. படித்து முடித்ததும் போன் போடு, திட்டுவதென்றாலும் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா