கூடாரத்தின் கூரையில் ஈரம்

19-10-1986, ஞாயிறு
பொழிச்சலூர்

மாடியில் கூடாரம் போட்டாயிற்று. தம்பி பொன்னுசாமிதான் கட்டினான். சிமெண்டுத் தரையில் முளை இறங்காது என்பதால் நாலு மூலையிலும் செங்கல் வைத்துக் கயிற்றைச் சுற்றினான். மொத்த எடை இரண்டு கிலோ. முதுகில் மாட்டிக்கொண்டு மலை ஏறலாமாம். அந்த இரண்டு கிலோத் துணியை நம்பி இரண்டு பேர் உள்ளே படுப்பார்களாம்.

குரோம்பேட்டையில் மழைக்கோட்டு தைத்துக்கொண்டிருந்த எங்கள் கம்பெனிக்கு இப்போது கூடார ஆர்டர், வெளிநாட்டிலிருந்து. ஹனீஃபா சார் போன வாரம் கூப்பிட்டார். "வல்லி, நீதாம்மா எதையும் நாலு தரம் பார்க்குற ஆளு. மழை, காத்து, வெயில், பனி எல்லாத்துலயும் இதுல படுத்துப் பாரு. பார்த்ததை எழுதிக் குடு. ஒரு வருஷம்." செக்கிங்கில் பதினோரு வருஷம் கிழித்ததற்குக் கிடைத்த மரியாதை. இடி இடித்தால் நான் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன் என்பது அவருக்குத் தெரியாது. சுந்தரவல்லி என்று பெயர் வைத்தார்களே தவிர, தைரியம் வைக்க மறந்துவிட்டார்கள்.

ரிப்போர்ட் நோட்டு தனி. பயத்தை அதில் எழுத முடியாது. அதனால் இது.

24-10, வெள்ளி

ராத்திரி முழுக்க மழை. தலைக்கு மேல் தடதடவென்று சத்தம். ஒன்பது மணி விமானம் வேறு கூடாரத்தை உரசுகிற மாதிரி போனது. கண்ணை மூடவில்லை. பொன்னு குறட்டை விட்டான்.

விடியற்காலையில் பார்த்தால் கூரையின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. போர்வை ஈரம்.

கூரை உச்சியில் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு வலை வைத்த ஓட்டை இருக்கிறது. வெளிநாட்டுக்காரன் அனுப்பிய மாதிரியிலேயே அப்படித்தான். தண்ணீர் அது வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். வேறு எப்படி?

ஒரு வாளித் தண்ணீர் மேலே ஊற்றிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று நினைத்தேன். ஆனால் எங்கோ ஒரு மலையில் யார் பெற்ற பிள்ளையோ நனைந்து விறைத்துக் கிடப்பது கண்ணுக்குள் வந்துவிட்டது. உடனே எழுதிவிட்டேன்: மேல் ஓட்டை இரண்டும் ஒழுகுகின்றன. மூடவும்.

13-11, வியாழன்

மூடிவிட்டார்கள். வலைக்கு மேல் இரட்டைத் துணி, இரண்டு வரிசைத் தையல். தைத்தது எங்கள் தையல்காரி எல்லம்மா.

"வெள்ளக்காரன் வேணும்னு தானே ஓட்டை வெச்சிருப்பான் சார்?" என்று அவள் கேட்டாள்.

"அவன் ஊர்ல மழை மேலேருந்து விழும். நம்ம ஊர்ல சைடுலேருந்துல்ல அடிக்குது. நாம திருத்திக் குடுப்போம், சந்தோஷப்படுவான்" என்றார் ஹனீஃபா சார்.

எல்லோரும் சிரித்தோம். நான் நகத்தால் தையலைக் கீறிப் பார்த்தேன். "எறும்பு கூட பூராது யக்கா" என்றாள் எல்லம்மா. இனிமேல் எல்லாக் கூடாரமும் இப்படித்தான். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கு மட்டும் நன்றாகத் தூங்குவேன்.

7-12, ஞாயிறு

காற்றில் சோதித்துப் பார்க்கக் கோவளம். தாம்பரத்தில் பஸ் பிடித்து, மடியில் கூடாரத்தை வைத்துக்கொண்டு போனோம். மணலில் முளை நிற்கவில்லை. நான் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே ஒரு பக்கம் தூக்கிவிட்டது. கத்திவிட்டேன். மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி வந்து பார்த்தாள்.

"இன்னாம்மா, பந்தலா போடுற? பையில மண்ண ரொப்பி, கயித்துல கட்டி, பொதை. அப்பறம் யானை வந்தாலும் நவுராது."

அப்படியே செய்தோம். நகரவில்லை. ரிப்போர்ட்டில் எழுதினேன். யானையை விட்டுவிட்டேன்.

11-1-1987, ஞாயிறு

மார்கழி முடியப்போகிறது. மழை இல்லை. வானம் பளிச்சென்று இருந்தது. ஆனாலும் காலையில் கூரை முழுக்க ஈரம், முன்பைவிட அதிகம். ஓட்டையையும் மூடியாகிவிட்டது, பிறகு எங்கிருந்து வருகிறது? தையல் வழியாகப் பனி இறங்குகிறது போலும். அப்படித்தான் எழுதினேன்.

"தலை கனமா இருக்குக்கா" என்றான் பொன்னு. பனியில் படுத்தால் கனக்காமல் என்ன செய்யும்?

26-4, ஞாயிறு

மத்தியான வெயிலில் அரை மணி நேரம். உள்ளே இட்லிப் பானை. துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான்.

9-5, சனி

பொன்னு போய்விட்டான். கல்லூரியிலிருந்து பத்தொன்பது பையன்கள், கூட ஒரு சார். இமாசலத்தில் பனிமலை ஏறப் போகிறார்கள். பத்துக் கூடாரமும் எங்கள் கம்பெனியுடையது. நான்தான் ஹனீஃபா சாரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். அவருக்கும் பனியில் சோதித்த மாதிரி ஆயிற்று.

பொன்னுவும் அனகாபுத்தூர் பக்தவச்சலமும் ஒரே கூடாரம். "மேல பயங்கரக் குளிராம்க்கா. உள்ளேயே ஸ்டவ் வெச்சுக்கப் போறோம்" என்றான். நைலான், நெருப்பு. துணியில் பட்டால் என்ன ஆகும்?

சென்ட்ரலில் ரயில் நகரும்போது ஜன்னல் வழியாகச் சொன்னான்: "அக்கா, தந்தி மட்டும் அனுப்பிடாதே."

போன வருஷம் அவன் ஏற்காடு முகாமுக்குப் போனபோது, கனவு சரியில்லை என்று ஒரு தந்தி கொடுத்துவிட்டேன். வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து, பிரிப்பதற்கு முன்னாலேயே பிள்ளை அழுதுவிட்டானாம். அதற்கப்புறம் ஒரு வருஷம் அவனுக்குக் கல்லூரியில் 'தந்தி' என்றே பெயர். அம்மா அப்பா இல்லாத பிள்ளையை வளர்த்தேன் என்ற பெயரில் நான் அவனை இப்படியெல்லாம் படுத்தியிருக்கிறேன். அனுப்பமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

16-5, சனி

எழுத்து கோணலாக வந்தாலும் வரட்டும்.

அவன் உள்ளே ஸ்டவ் வைப்பான் என்றால் நானும் வைத்துப் பார்க்காமல் எப்படி இருப்பது? சாயங்காலம் நாலு மணிக்குக் கோடை மழை பிடித்தது. ஜிப்பை இழுத்து மூடிவிட்டு பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், நனைத்த கோணி. நெருப்பு துணியில் பட்டால் என்ன செய்வது என்று வரிசையாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். கண்ணை எடுக்காமல் தீயையே பார்த்துக்கொண்டிருந்தேன். துணியில் படவில்லை. நல்ல கூடாரம் என்று நினைத்தேன்.

அப்புறம் கொட்டாவி. தலை கனம். காலை நகர்த்தலாம் என்று நினைத்தேன், நகரவில்லை. அதைப் பற்றிப் பயப்படக்கூடத் தோன்றவில்லை. நான்! எனக்குப் பயம் வரவில்லை. கொஞ்சம் படுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்தது.

இட்லி மாவு கேட்டு வந்த பக்கத்துத் தெரு எல்லம்மா மாடிக்கு ஏறி வந்திருக்கிறாள். "யக்கா, யக்கான்னு கூப்ட்டுகினே கீறேன், உள்ள வெளிச்சம் கீது, ஆளு சத்தமே இல்ல. ஜிப்ப பிச்சுட்டு மயிரப் புடிச்சு இஸ்தேன்" என்கிறாள். நினைவு வந்தபோது மழையில் கிடந்தேன். வாந்தி. அவள் அழுதுகொண்டே என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

பம்மல் டாக்டர் சொன்னது: "அடைச்ச இடத்துல அடுப்பு எரிஞ்சா விஷக்காத்தும்மா. வாசனை இருக்காது, தூக்கம்தான் வரும். அதுல காத்து போக ஒரு வழிகூடவா வைக்கல?"

வைத்திருந்தார்கள்.

17-5, ஞாயிறு

காலையிலிருந்து இந்த நோட்டையே புரட்டிக்கொண்டிருக்கிறேன். ஜனவரி பதினொன்று. மழை இல்லை, ஆனால் முன்பைவிட ஈரம். தலை கனம் என்றான். எழுதியிருக்கிறேன், என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

முகம் பார்க்கும் கண்ணாடியில் வாயால் ஊதினேன். வெள்ளையாகப் படர்ந்தது. விரலால் தொட்டால் ஈரம்.

அது மழையே இல்லை. எங்கள் மூச்சு. மூச்சு வெளியே போக வைத்த வழியைத்தான் ஒழுகுகிறது என்று மூடச் சொல்லியிருக்கிறேன்.

தந்தி கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் தாம்பரத்தில் தந்தி வாங்குவார்கள். தெரியும். இரண்டு தரம் செருப்பைப் போட்டுக் கழற்றினேன். மறுபடியும் பையன்கள் முன்னால் அவனைச் சிரிப்புக்கு ஆளாக்குவதா? கல்லூரி சார் கூட இருக்கிறார், பெரியவர், அவருக்குத் தெரியாதா? தந்தி போனால் ஹனீஃபா சாருக்கும் தெரியும். யார் மூடச் சொன்னது என்று கேட்பார்கள். வேலை போகும். நாளைக்கு முதலில் அவரிடம் சொல்லிவிட்டு... என்னடி சாக்கு இது? எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள், இதற்கு எதைப் பார்த்துப் பயப்படுகிறாய்?

போகவில்லை.

18-5, திங்கள்

தூங்கவில்லை. எட்டு மணிக்கே தந்தி ஆபீஸ் வாசலில் நின்றேன். பாரத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தேன்: கூடாரத்துக்குள் அடுப்பு கூடாது. மேலே தைத்த துணியை வெட்டி எடு. சத்தியமாக ஆபத்து. அக்கா.

இங்கிலீஷில் மாற்றிக் கொடுத்த கிளார்க், "சத்தியத்தை எடுத்துடலாமாம்மா?" என்றார். வேண்டாம் என்றேன். அடிவார முகாமுக்கு நாளைக்குப் போய்ச் சேருமாம். மலைக்கு மேலே எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியவில்லை.

அங்கிருந்து நேராகக் கம்பெனி. ஹனீஃபா சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பதினோரு வருஷமா உன் கையெழுத்து இருந்தா நான் திருப்பிப் பார்த்ததில்லம்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

கோடவுனில் முதல் தடவையாக வெளிநாட்டுக்கு அனுப்பத் தயாராக நூற்றறுபது கூடாரம். "பிளேடு எடுத்துட்டு வாங்க" என்றார். அவரும் உட்கார்ந்தார். எல்லம்மா போட்ட தையல், லேசில் பிரியவில்லை. சாயங்காலத்துக்குள் முப்பத்தேழு.

19-5

பதில் இல்லை. எழுபத்தொன்று பிரித்தோம்.

20-5

சைக்கிள் மணி கேட்டால் தபால்காரர் என்று வாசலுக்கு ஓடுகிறேன். ஐஸ்காரன்.

22-5, வெள்ளி

நூற்றறுபதும் முடிந்தது. விரலெல்லாம் கீறல். பத்து மட்டும் பாக்கி. அது மலை மேல் இருக்கிறது.

ராத்திரி விமானச் சத்தம் வந்தால் முன்பெல்லாம் தலையணைக்கு அடியில் தலையை வைப்பேன். இப்போது நம்ம பிள்ளைகள் யாரையாவது அதில் கொண்டுவருகிறார்களோ என்று எழுந்து உட்காருகிறேன். உயிரோடா, இல்லை... எழுதமாட்டேன்.

27-5, புதன்

கார்டு வந்தது. பொன்னு கையெழுத்து. தேதியைத்தான் முதலில் பார்த்தேன். பதினைந்து. தந்திக்கு முன்னால் எழுதியது. 'பனியைத் தொட்டேன் அக்கா' என்று இருக்கிறது. அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

2-6, செவ்வாய்

வந்துவிட்டான்.

சென்ட்ரலில் இறங்கி வரும்போது கறுத்து, உதடு வெடித்து, யாரோ மாதிரி இருந்தான். ஓடிப்போய் மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன். "என்னக்கா பண்றே?" என்றான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனிலேயே அழுதேன். அதற்குப் பின்னால்தான் பார்த்தேன், பக்தவச்சலத்தை இரண்டு பேர் தாங்கிக் கூட்டிவந்தார்கள்.

3-6, புதன்

சாப்பிடும்போது பொன்னு தானாகவே சொன்னான். பத்தொன்பதாம் தேதி ராத்திரி பனி கொட்டியிருக்கிறது. ஸ்டவ்வை அணைக்காமல் படுத்திருக்கிறார்கள். காலையில் சார் கூப்பிட்டுப் பார்த்து, ஜிப்பைத் திறந்து இரண்டு பேரையும் வெளியே இழுத்திருக்கிறார். இவன் ஒரு மணி நேரத்தில் எழுந்தான். பக்தவச்சலம் எழுந்தது மறுநாள். உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று கோவேறு கழுதையில் கட்டி இறக்கினார்களாம். இருபதாம் தேதி மத்தியானம்தான் சாமான் கொண்டுவந்த ஆள் கையில் தந்தி வந்தது. சார் படித்துவிட்டுக் கத்தியை எடுத்துப் பத்துக் கூடாரத்தையும் வெட்டினாராம். அதற்கப்புறம் யாருக்கும் தலைவலி இல்லை.

"உன் தந்தியைப் பார்த்து இந்தத் தடவை யாரும் சிரிக்கலக்கா. ஒரு நாள் முன்னாடி வந்திருந்தா..." என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? சொன்னேன். ஓட்டையை மூடச் சொன்னது நான்தான் என்பதையும், ஞாயிற்றுக்கிழமையே தெரிந்தும் போகவில்லை என்பதையும்.

"ஞாயித்துக்கிழமை ஆபீஸ் தொறந்திருந்துச்சா?"

"தொறந்துதான் இருந்துச்சு."

தட்டில் கோடு போட்டுக்கொண்டே இருந்தான். கை காய்ந்துவிட்டது. "அனுப்பாதேன்னு நான்தானேக்கா சத்தியம் வாங்கினேன்" என்றான். எழுந்து கை கழுவினான். அதற்கப்புறம் இன்று முழுக்க என்னிடம் பேசவில்லை.

14-6, ஞாயிறு

அனகாபுத்தூர் போனேன். பக்தவச்சலத்தின் அம்மாவிடமும் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். வெகுநேரம் வாசலில் நின்றேன். கடைசியில் அவன்தான் வந்து காபி கொடுத்தான். டம்ளர் அவன் கையில் நடுங்கியது. வலது கை மட்டும். சரியாகிவிடும் என்கிறார்களாம்.

8-11-1987, ஞாயிறு

ஹனீஃபா சார் என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. இப்போது என் கையெழுத்துக்குக் கீழே அவரும் பார்த்துவிட்டுத்தான் போடுகிறார். சரிதான்.

ஒரு வருஷச் சோதனையில் மழைக் கணக்கு மட்டும் பாக்கி இருந்தது, ஓட்டை திறந்த கூடாரத்துக்கு. நான் படுக்கிறேன் என்றேன். பொன்னு கேட்கவில்லை. தானும் பக்தவச்சலமும் படுப்பதாகச் சொன்னான். வேண்டாம்டா என்று மன்றாடினேன். "நாங்க படுத்துப் பார்த்தாதான்க்கா சரி" என்றான் பக்தவச்சலம். டம்ளர் இப்போது அவ்வளவாக நடுங்குவதில்லை.

நேற்று ராத்திரி நல்ல மழை, இடி வேறு. நான் மாடிப்படியில் குடையோடு உட்கார்ந்திருந்தேன். கட்டிலுக்கு அடியில் போகவில்லை. படுப்பதற்கு முன்னால் கூரை மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாயிற்று, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

ஆறு மணிக்கு ஜிப்பைத் திறந்தேன். இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கையை நீட்டிக் கூரையைத் தடவினேன். உள்ளங்கை நனைந்தது.

ரிப்போர்ட்டில் எழுதியது: கூடாரம் ஒழுகவில்லை. காலையில் கூரையில் ஈரம் இருந்தது. உள்ளே இரண்டு பேர் மூச்சு விட்டிருக்கிறார்கள்.