குளியலறைச் சுவரின் அந்தப் பக்கம்

ஆம்பூர்,
4-9-1934

அன்புள்ள பர்த்தாவுக்கு அமிர்தவள்ளி அநேக நமஸ்காரம்.

இங்கே குளியலறைச் சுவரைத் தவிர எல்லோரும் சௌக்கியம். சுவர் வியர்க்கிறது. சுண்ணாம்பு பொரிந்து சொம்புக்குள் விழுகிறது. கொத்தனார் பெருமாள் முகர்ந்து பார்த்துவிட்டு, "காத்து போக வழியில்லம்மா. மேல இருந்த துவாரத்த எந்தப் புண்ணியவான் அடச்சான்?" என்றார். நான் மோர் கொடுத்துப் பேச்சை மாற்றினேன்.

சாக்கடைக்காகப் பக்கத்து வீட்டாரோடு சண்டை போட்டுத்தான் நீங்கள் துவாரத்தை அடைத்தீர்கள்; அந்தச் சாக்கடையே இப்போது இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சகீனாவின் குளியலறை. கோஷாவில் இருக்கிறவள், வெளியே வரமாட்டாள். குளிக்கும்போது துவாரத்தின் வழியாக இரண்டு வார்த்தை பேசிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். அவள் வாசலை மிதிக்கக் கூடாது என்ற உங்கள் சொல்லை மூன்று வருஷமாக மீறவில்லை. துவாரத்தைத் திறக்க மட்டும் உத்தரவு தாருங்கள்.

அமிர்தவள்ளி

பெரியமேடு, சென்னை,
9-9-1934

சௌபாக்கியவதி அமிர்தவள்ளிக்கு ஆசீர்வாதம்.

கொத்தனாரிடம் அபிப்பிராயம் கேட்கும் வழக்கம் நம் குடும்பத்தில் இல்லை. எங்கள் தோல் கிடங்கின் கூரைக்கு வந்ததில் மிச்சமான நான்கு கல்நார்த் தகடுகளை ரயிலில் அனுப்பியிருக்கிறேன். ஆஸ்பெஸ்டாஸ் என்று பெயர். நெருப்பு, நீர், கரையான் எதற்கும் அசையாது. நூறு வருஷம் இருக்கும். சுவர் முழுவதையும் மூடி அடிக்கச் சொல். ஈரம் அப்புறம் கண்ணில் படாது, விஷயம் முடிந்தது.

ஆதிகேசவன்

ஆம்பூர்,
22-9-1934

நமஸ்காரம். தகடு அடித்தாயிற்று. பெருமாள் முற்றத்தில் வைத்து ரம்பத்தால் அறுத்தார். வெள்ளைத் தூள் சமையலறை வரை வந்தது. "இன்னாம்மா இது, மாவு மில்லு கணக்கா பறக்குது" என்றவர் இரண்டு நாளாக இருமுகிறார். எனக்கும் தொண்டை கமறுகிறது. இது என்ன சாமான் என்று விசாரித்து எழுதுங்கள். ஈரம் கண்ணில் படவில்லை. தகட்டுக்குப் பின்னாலிருந்து வாடை வருகிறது.

அமிர்தவள்ளி

சென்னை,
6-10-1934

ஆசீர்வாதம். கிடங்கு துரையை விசாரித்தேன். அந்தத் தூளைச் சுவாசிப்பது கெடுதல் என்று சீமையில் சட்டமே போட்டிருக்கிறார்களாம். நீ பயப்படாதே, சட்டம் சீமைக்கு மட்டும்தான். ஆனாலும் இனி அறுக்க வேண்டாம். தண்ணீர் தெளித்துத் தகடுகளைக் கழற்றிவிடு. நானே தீர யோசித்ததில், துவாரத்தைத் திறப்பதுதான் சரியென்று எனக்குத் தோன்றியது. சகீனாவை நான் விசாரித்ததாகச் சொல்.

ஆதிகேசவன்

ஆம்பூர்,
30-10-1934

தங்கள் யோசனைப்படி துவாரத்தைத் திறந்தாயிற்று.

உங்களிடம் ஒன்று சொல்லாமல் இருந்தேன். நீங்கள் துவாரத்தை அடைத்த பிறகு, சகீனா குளிக்க வந்தால் சொம்பால் சுவரில் மூன்று தட்டு தட்டுவாள். நானும் தட்டுவேன். மூன்று வருஷம் எங்கள் பேச்சு அதுதான். தகடு அடித்தபின் அவள் தட்டியது எனக்குக் கேட்கவில்லை. நான் தட்டிய சத்தமும் தகட்டோடு நின்றுவிட்டது.

அவர்கள் வீட்டில் வேலை செய்த எல்லம்மா நேற்றுத்தான் சொன்னாள்: "வீட்ட வித்துட்டு பேரணாம்பட்டு போறதுக்கு முன்ன மூணு நாளு தட்டிப் பாத்தாங்கம்மா. அம்ருதுக்கும் நம்ம மேல கோவம் வந்துடுச்சா எல்லம்மான்னு கேட்டுட்டே வண்டி ஏறிட்டாங்க."

வீட்டைத் தோல் மண்டிக்காரர் ஒருவர் வாங்கியிருக்கிறார். சகீனா குளித்த இடத்தில் உப்புத் தோல் அடுக்கியிருக்கிறது. துவாரம் திறந்து ஒன்பது நாள் காய்ந்திருந்த சுவர் அந்த உப்பின் ஈரத்தில் மறுபடி வியர்க்கிறது. துவாரத்தின் வழியாக உங்கள் கிடங்கின் நாற்றம் வருகிறது. அடைக்கச் சொல்லி எழுதுவீர்கள். அடைக்க மாட்டேன்.

தகடுகள் கொல்லையில் மழையில் கிடக்கின்றன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் சொன்னது சரிதான்.

அமிர்தவள்ளி