ஒட்டுப்பால் நாற்றம்

றஸ்மியா அக்கா கடைப் பின்வீடு,
கொடகவெல.
2025 ஜூன் 9

அன்புத் தங்கச்சி ஜெனிற்றாவுக்கு,

நானும் மெலனியும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. எங்கள் வீட்டுக் கூரையில் கல் விழுந்த அன்றைக்கே றஸ்மியா அக்கா வந்து எங்களைத் தன் துணிக்கடைக்குப் பின்னால் உள்ள அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "வாப்பா செஞ்சதுக்குப் புள்ள என்ன செய்யும்?" என்று கல்லோடு நின்றவர்களைப் பார்த்தே கேட்டார். என் போன் சீஐடியிடம். அதனால்தான் கடிதம். கடை லொறி உங்கள் பக்கம் வரும்போது டிரைவர் ஸியாமிடம் பதிலைக் கொடுத்துவிடு.

பாப்பாவுக்குச் சளி விட்டதா? ஓமம் போட்ட வெந்நீர் கொடுக்கிறாயா?

ஜெனி, உன் அத்தானைப் பிடித்ததிலிருந்து நான் ஒரு வாய் சோறு சரியாகத் தின்னவில்லை. மூன்று பெண்களைக் கொன்றார் என்கிறார்கள். மெலனியின் தலையில் பேன் பார்த்துவிடுகிற மனுசன்! கடைசியாகக் காணாமல் போனவள் தோமஸ் அண்ணனின் மகள் திரேசா. அவள் போனது தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறு. அன்று அவர் எங்கே இருந்தார்? உன் வீட்டில். பாப்பாவின் ஞானஸ்நானத்தில். ஞானத்தகப்பன் அவர், ஞானத்தாய் நான்.

அன்று முழுவதும் அவர் உன் வீட்டை விட்டு நகரவில்லை என்று நம்பத்தக்க ஒருத்தர் சொன்னால் கேஸ் ஆடிப்போகும் என்று லோயர் சொல்கிறார். ஆம்பளைகள் எல்லாம் வீட்டுக்குப் பின்னால் போத்தலோடு இருந்தார்கள், அவர்கள் பேச்சு எடுபடாது. நீ கல்லூரியில் படித்த டீச்சர். நீ சொன்னால் எழுதிக்கொள்வார்கள். கோயில் முடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இருந்தார் என்று மட்டும் சொல். வேறு ஒன்றும் வேண்டாம்.

ரெஜிக்கு என் அன்பைச் சொல். பாப்பாவுக்கு முத்தம்.

உன் அக்கா
ஸ்டெபானி


மேல் டிவிஷன்,
றக்வான.
ஜூன் 12

அன்புள்ள அக்கா,

பாப்பாவைத் தொட்டிலில் போட்டுவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். சளி குறைந்திருக்கிறது. இவருக்கு ஃபெக்டரியில் இரவு வேலை. கதவுக்கு உட்புறம் அம்மிக்கல்லை நகர்த்தி வைத்திருக்கிறேன். அத்தான் சிறையில்தான் இருக்கிறார் என்று தெரியும், இருந்தாலும் வைக்கிறேன். மெலனிக்கு இரண்டு கவுன் அனுப்பியிருக்கிறேன், போட்டுப் பார்.

நீ அந்தப் பழைய ரப்பர் ஸ்டோரைப் பார்க்கவில்லை. நான் ஸ்கூலுக்குப் போவதே அதற்குப் பக்கத்துப் பாதையில். போன வருசக் கடைசியிலிருந்தே அங்கே நாற்றம். ஒட்டுப்பால் நாற்றம் என்று எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தோம். மரத்தில் வழிந்து உறைந்த ரப்பரை நம்ம ஆட்கள் திருட்டாகச் சேர்த்து மூட்டை கட்டி அங்கே ஒளிப்பது உனக்குத் தெரியும். அது செத்த மாடு மாதிரித்தான் நாறும். துரையிடம் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரன் வேலைதானே போகும் என்று ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. "எவனோ மொத்தமா சேத்து வச்சிருக்கான்டி, வெல ஏறட்டும்னு காத்துக்கிட்டிருக்கான்" என்று கொழுந்துக்குப் போகிற பெண்கள் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்தேன். ஒரு நாள் மழைக்கு அந்த வாசலில் ஒதுங்கிப் பணிஸ் தின்றேன், அக்கா. இப்போது பாண் கடித்தாலே அந்த வாடை தொண்டையில் ஏறுகிறது.

மூன்று பேருக்கும் கைக்குழந்தை. கைக்குழந்தைக்காரியை அரசாங்கம் வெளிநாட்டு வீட்டு வேலைக்கு விடாது. அத்தானோ ஏஜென்ட். "யாருக்கும் மூச்சு விடாத, நான் ஏத்தி விடுறேன்" என்பார். அவர்களும் நகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பக்கத்து லயக் காம்பராவுக்குக்கூடச் சொல்லாமல் போனார்கள். போனவள் பேசவில்லையா? மேடம் போனைப் பிடுங்கி வைத்திருப்பாள் என்று நாமே பதில் சொல்லிக்கொள்வோம். நாகலிங்கம் தன் பெண்சாதி பேசவே இல்லை என்று அழுதபோது, "அவ ஏசி ரூமுல படுத்திருக்கா, ஒம் மூஞ்சிய எதுக்குடா நெனைக்கப் போறா?" என்று லயத்து வாசலில் கேலி பண்ணினார்கள். அவள் அப்போது அந்த ஸ்டோரில், சாக்குக்குக் கீழே கிடந்தாள்.

தோமஸ் அண்ணன் மட்டும்தான் விடவில்லை. திரேசாவின் போனிலிருந்து 'நல்லா இருக்கேன் அப்பா' என்று எழுத்தாக வந்துகொண்டிருந்தது. "எனக்கு எழுத்து வேணாம், எம் புள்ள கொரலு வேணும்" என்று ஸ்டேஷனுக்குப் போனார். "ஏ லமயா ரட்ட கிஹின் நே" என்று சிரித்தார்களாம். அந்தப் பிள்ளை வெளிநாடு போய்விட்டதே, எங்கே தேடுவது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனுசன் கொழும்புக்குப் பஸ் ஏறினார். விமான நிலையத்தை அவள் தாண்டியதாகப் பதிவே இல்லை. அதற்குப் பிறகுதான் சீஐடி வந்தது. குவைத்திலிருந்து வந்ததாக நினைத்த மெசேஜ் அத்தனையும் றக்வான டவரிலிருந்து போயிருக்கிறது. அத்தானின் வேனில் சீட்டுக்குக் கீழே மூன்று போனும் இருந்தன. நகைக்காகச் செய்ததாம். அது மட்டும் இல்லை என்றும் சொல்கிறார்கள், அதை நான் எழுத மாட்டேன்.

ஸ்டோரைத் திறந்த அன்று ஒரு பொலிஸ்காரர் ஓடிவந்து சாக்கடைக் கானில் வாந்தி எடுத்தார். அதையும் யூடியூப்காரன் படம் பிடித்தான்.

இனி நீ கேட்டது. ஞானத்தகப்பன் கையால் பிள்ளை வாயில் இனிப்பு வைத்த பிறகுதான் பந்தி போடுவது நம் வழக்கம். கோயிலிலிருந்து வந்ததுமே அவர் கேக் எடுத்துவருகிறேன் என்று வேனில் டவுனுக்குப் போனார். சோறு ஆறிப்போகும்வரை டிவிஷன் முழுக்கப் பசியோடு நம் வீட்டில் காத்திருந்தது. எல்லாரும் இங்கே இருந்ததால்தான் திரேசா பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினதை ஒருத்தரும் பார்க்கவில்லை. அந்த நாளை அவர் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார், அக்கா. என் பிள்ளையின் நாளை.

வரும்போது தலை ஈரம். வேறு சட்டை. சவுக்கார வாசம். கேக்கிலிருந்து கிரீமை விரலால் எடுத்துப் பாப்பா வாயில் வைத்தார். அவள் அந்த விரலைச் சப்பினாள். நாம் கை தட்டினோம்.

புதன்கிழமை சீஐடி வருகிறது. அவர் இங்கேயே இருந்தார் என்று என்னால் சொல்ல முடியாது. என்மேல் கோபப்படு, ஆனால் சாப்பிடு.

உன் தங்கச்சி
ஜெனிற்றா


கொடகவெல.
ஜூன் 15

ஜெனிற்றா,

டீச்சரம்மாவின் கடிதம் கிடைத்தது. நல்லாத்தான் எழுதியிருக்கிறாய், பேப்பருக்கு அனுப்பு.

கேக் எடுக்கப் போன மனுசன் பிந்தி வந்தால் கொலைகாரனா? உன் கல்யாணத்துக்கு அப்பா இடத்தில் நின்றவர் யார்? உனக்கு நோவு கண்ட அன்று, இருந்த வேலையைப் போட்டுவிட்டு உன்னை வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியவர் யார்? ரெஜியா?

சட்டை மாற்றினதைப் பெரிதாக எழுதியிருக்கிறாய். அந்தச் சட்டையை வேனில் வைத்தவளே நான்தான். கோயிலுக்குப் புறப்படும்போதே, "ஒரு சட்ட, சாரம், தொவாய், சவுக்காரக் கட்டி எல்லாம் பையில போட்டு வையி, மழ வந்து வேன் பொதஞ்சா மாத்தணும்ல" என்றார். மடித்து வைத்தேன். அவ்வளவு முன்யோசனையான மனுசன். தப்புச் செய்கிறவன் பெண்சாதியிடம் சொல்லிச் சட்டை எடுத்து வைக்கச் சொல்வானா, நீயே யோசித்துப் பார்.

மெலனியைக் கடைக்கு அனுப்பினால், "இவதான் அவன் மக" என்று காட்டுகிறார்கள். கவுனை முகத்தில் மூடிக்கொண்டு திரும்பி வருகிறாள். அவர் வெளியே வந்தால்தான் இந்தப் பிள்ளைக்கு ஒரு முகம் இருக்கும். உனக்கும் பெண்பிள்ளை இருக்கிறது.

ஸ்டெபானி அக்கா


றக்வான.
ஜூன் 19

அன்புள்ள அக்கா,

சொல்லிவிட்டேன். நேற்று சீஐடியிலிருந்து ஒரு பெண் அதிகாரியும் மொழிபெயர்க்க ஒருத்தரும் வந்தார்கள். மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று சிங்களத்திலேயே சொன்னேன். கேக், காத்திருந்தது, ஈரத் தலை, வேறு சட்டை. பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன். கையொப்பம் வைக்கும்போது அவள் பேனாவைப் பிடித்து இழுத்தாள்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டுப் பின்கதவைத் திறந்துகொண்டு போய் உட்கார்ந்திருந்தேன். அக்கா, அன்று ஏது மழை? மாசி வெயில். பாப்பாவுக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு என்று நீதானே பவுடர் போட்டாய். மழை இல்லாத நாளில், காலையிலேயே, கோயிலுக்குப் போகிற ஆள் ஏன் துவாயும் சவுக்காரமும் கேட்டார்? நீ அவருக்கு நல்லது சொல்வதாக நினைத்து எழுதியிருக்கிறாய். திரும்ப ஒருமுறை மெதுவாக நினைத்துப் பார்.

அவர்களிடம் அதை நான் சொல்லவில்லை. அது உன் வாயால் வர வேண்டியது. நான் சொன்னால் நீயும் உடந்தை மாதிரி ஆகிவிடுவாய். நீ சொன்னால்தான் உனக்கு ஒன்றும் தெரியாது என்று நிற்கும்.

நோவு கண்ட அன்று என்னை ஏற்றிப்போனதை எழுதியிருந்தாய். அந்தப் பின்சீட்டில்தான் படுத்திருந்தேன். பன்னீர்க்குடம் உடைந்ததும் அதில்தான். போன வாரம் அந்தச் சீட்டைக் கழற்றி மூட்டை கட்டி எடுத்துப்போனார்கள். அதில் மூன்று பேருடைய இரத்தமும் இருக்கிறதாம். என்னுடையதும் இருக்கும். எத்தனை முறை குளித்தாலும் முதுகு என்னுடையது மாதிரி இல்லை. பாப்பாவுக்குப் பால் கொடுக்கும்போதுகூட அருவருப்பாக இருக்கிறது. அவள்மேல் இல்லை, என்மேல்.

இங்கே வந்துவிடு. மெலனி என் ஸ்கூலில் படிக்கட்டும், கையைப் பிடித்து நானே கூட்டிப்போகிறேன். யார் என்ன சொன்னாலும் முதலில் என்னைத் தாண்டித்தான் சொல்ல வேண்டும். இவரும் சரி என்கிறார். தோமஸ் அண்ணனிடமும் கேட்டேன். "அந்தப் புள்ள வரட்டும்மா" என்றார். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உன் தங்கச்சி
ஜெனிற்றா


கொடகவெல.
ஜூலை 2

ஜெனிற்றாவுக்கு,

திங்கட்கிழமை றஸ்மியா அக்காவோடு போய்ச் சட்டையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சாரத்தைப் பற்றியும், துவாயையும், சவுக்காரத்தையும். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். புருசனுக்கு உடுப்பு எடுத்து வைத்ததை யாராவது போய்ப் பொலிஸில் சொல்வார்களா என்றேன். அந்த அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

அதற்கு முன்னாலும் இரண்டு தடவை அப்படிப் பை கட்டிக் கொடுத்திருக்கிறேன். கேட்டபோதுதான் ஞாபகம் வந்தது. திரும்பி வந்த உடுப்பை நான்தான் துவைத்தேன். ரப்பர்ப் பால் கறை போகாது என்று சண்டை பிடித்துக்கொண்டே துவைத்தேன்.

லோயர் இனி வர மாட்டாராம். உன் அத்தானைச் சிறையில் நான் போய்ப் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன்.

உன் வீட்டுக்கு வர முடியாது. நீ சரியாகத்தான் செய்தாய். இரவும் பகலும் யோசித்துப் பார்த்தேன், அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் உன் கையெழுத்தைக் கண்டாலே எனக்குக் குமட்டுகிறது. அவரை நினைத்து வருகிற அதே குமட்டல் உன்னை நினைத்தும் வருகிறது, என்ன செய்யச் சொல்கிறாய்? பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மெலனியோடு போகிறேன். எந்த ஊர் என்று றஸ்மியா அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. ஸியாமிடம் இனிக் கடிதம் கொடுக்காதே, அவனுக்கும் விலாசம் தெரியாது.

சளி என்று பாப்பாவுக்கு நீராவி பிடித்துவிடாதே, சின்னப் பிள்ளை, சுட்டுவிடும்.

ஸ்டெபானி