சுபைதா சாப்பிடாத ஒம்லட்

என் ஆசைத் தங்கச்சி சுபைதாவுக்கு,

நீ மௌத்தாகிக் கண்ணை மூடி ஒரு வருஷம் திரும்பவில்லை. அதற்குள் உன் மாப்பிள்ளை மறுபடி கலியாணம் முடித்துவிட்டார். புதுப்பெண் முழுகாமல் இருக்கிறாள். போன வாரம் ஒரு விருந்தில் உன் மாமியைக் கண்டேன். "மருமகளுக்கு விடிஞ்சா சீஸ் போட்டு ஒம்லட். உடம்புல ரத்தம் வேணுமே" என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன்.

இரண்டாவது பிள்ளை வயிற்றிலேயே போன பிறகு எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் கிடந்தாயே. கண்டி டாக்டர் உன் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு உன் மாப்பிள்ளைக்கும் மாமிக்கும் எதிரில்தானே சொன்னார்: "முட்டை, பால், பட்டர், கிடைச்சால் சீஸ். எல்லாம் சேர்த்து ஒரு ஒம்லட் போட்டுக் குடுங்கோ. மருந்தைவிட அதுதான் இவவைத் தேற்றும்." மருந்துப் போத்தல் மட்டும்தான் வீட்டுக்கு வந்தது.

உன் மாப்பிள்ளையின் கடையில் சிவப்பு மெழுகு பூசிய சீஸ் உருண்டைகள் அடுக்கி இருந்தன. போய்க் கேட்டேன். "அது தொரைமாருக்கு வந்த சாமான், ராத்தா. நம்ம பொம்புளயளுக்கு என்னத்துக்கு?" என்றார்.

வேறு கடையில் ஒரு துண்டு வாங்கி, என் வீட்டு முட்டைகளோடு அக்குறணையிலிருந்து பஸ் ஏறி அலவத்துகொடைக்கு வந்தேன். உன் அடுப்பிலேயே முட்டையை அடித்து, பாலும் உப்பும் மிளகுத்தூளும் சேர்த்து, பட்டரில் ஊற்றி, சீஸைச் சீவிப் போட்டு மடித்தேன். வாசனைக்கு நீ தலையை நிமிர்த்தினாய். ஒரு வாய் தின்றாய். வாசலில் உன் மாப்பிள்ளையின் செருப்புச் சத்தம் கேட்டதும் தட்டைத் தள்ளினாய்.

"அவங்க பசியோட வந்திருக்கிறாங்க. அவங்களுக்குக் குடுங்க ராத்தா."

அவர் தின்று முடிக்கும்வரை மாமி பக்கத்தில் நின்றார். "உப்புக் கொஞ்சம் கொறவு" என்றார் அவர்.

அந்த மாதமே உன்னை மையவாடிக்குக் கொண்டுபோய் அடக்கினார்கள். நாற்பதாம் நாள் உன் பேரில் குர்ஆன் கத்தம் ஓதி ஊருக்கே இறைச்சிச் சோறு போட்டார்கள். உன்மேலும் எனக்குக் கோபம் தீரவில்லை, சுபைதா. ஏன் தள்ளினாய்? யார் உனக்கு அதைப் பழக்கினார்கள்?

உன் மகள் நிஸா இப்போது என்னோடு இருக்கிறாள். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள்; பெண்பிள்ளைதானே. முதல் நாள் சோற்றை வைத்தேன், தொடவில்லை. "ஆம்புளயள் திண்டாச்சா, பெரியும்மா?" என்றாள்.

"நீ தின்னு புள்ள" என்று ஊட்டிவிட்டேன்.

வாக்குத் தருகிறேன். இவளுக்குப் பசித்தால் பசிக்கிறது என்று வாய் திறந்து சொல்லுவாள். அதைச் சொல்லப் பயப்படும் வீட்டுக்கு இவளை நான் கட்டிக் கொடுக்க மாட்டேன், யார் வந்து கேட்டாலும்.

உனக்கு முன் பிறந்து இன்னும் இருக்கிற,
உன் ராத்தா ஸுலைஹா