பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஏப்ரல் 8, திங்கள்

கடை திறந்ததும் ஒருவன் சிமெண்ட் வாங்க வந்தான். தன் வீட்டு வாசல் பள்ளத்தைப் பற்றி அரை மணி நேரம் புலம்பிவிட்டு, சிமெண்ட் வாங்காமலே போய்விட்டான். கவுன்சிலர் ஹார்டுவேர் கடை வைத்திருந்தால் இந்தக் கதிதான்.

மாலை கட்சிக் கூட்டம். எங்கள் ஊர் பாலின்டெர்க்கில் இந்த முறை கவுன்சில் தேர்தலுக்கு நான் ஒருவன் போதாதாம். எமர் ரட்டிகனையும் நிறுத்துகிறார்கள். பள்ளிக்கூட டீச்சர். அரசியலில் நேற்று முளைத்தவள். இருவரும் ஜெயிக்க வேண்டும் என்று ஊரைப் பிரித்துவிட்டார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் அவளுக்கு. இங்கே ஓட்டுச் சீட்டில் பெயர்களுக்கு நேரே ஒன்று, இரண்டு என்று விருப்ப வரிசை போட வேண்டும். அவரவர் பக்கத்தில் ‘எனக்கு ஒன்று போடுங்கள், அவருக்கு இரண்டு போடுங்கள்’ என்று கேட்க வேண்டும். ஒருவர் தோற்று வெளியேறினால், அவருடைய சீட்டுகள் அவற்றில் ‘இரண்டு’ வாங்கிய ஆளுக்குப் போகும்.

இத்தனை வருடம் ஜெயித்தவன் நான். எனக்கு எதற்கு அவளுடைய இரண்டு?

அட்ராக்டாவிடம் சொன்னேன். “நல்ல பொண்ணுதான். சிரிச்சுப் பேசறா. உன்னை மாதிரி இல்ல” என்றாள். கட்டிய மனைவி!

ஏப்ரல் 27, சனி

ஓட்டுக் கேட்கப் போன வீட்டில் நாய் கடித்துவிட்டது. அந்த வீட்டு ஓட்டு யாருக்கு என்று இனி கேட்க வேண்டியதில்லை.

மே 14, செவ்வாய்

அவ்வளவு ஆத்திரம். எழுதவே முடியவில்லை.

ஃபீலிக்ஸ் ஹேஸ்டிங்ஸ் வீட்டு வாசலில் எமருடைய கார். அது என் பக்கம்! கொட்டுகிற மழையில் அவள் படியில் நின்று அவனிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். மாட்டுக்கொட்டகைக்கு அனுமதி வாங்கித் தரவில்லை என்று அந்த ஆள் என் முகத்திலேயே முழிப்பதில்லை. சரியாக அந்த வீட்டைப் பார்த்துப் போயிருக்கிறாள். அடுத்த வீட்டுக்கும் போனாள். அதற்கடுத்த வீட்டுக்கும்.

டப்ளினில் கட்சி ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்தினேன். “கொஞ்சம் விட்டுக் கொடுங்க பார்ட்லி, ரெண்டு பேரும் ஒரே கட்சிதானே” என்கிறான் ஒருவன். விட்டுக் கொடுப்பதாம்! என் வீட்டுக்குள் புகுந்து என் தட்டில் கை வைக்கிறாள், நான் விட்டுக் கொடுக்க வேண்டுமாம்!

மே 20, திங்கள்

அவள் வரலாம் என்றால் நானும் போகலாம். பாலத்தைத் தாண்டிப் போனேன்.

முதலில் டோலோரஸ் கான் வீடு. அவள் கணவனின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவன் நான். டீ, சோடா ரொட்டி எல்லாம் ஆயிற்று. பிறகு சொன்னேன்: “எமர் ஜெயிச்சாச்சு, டோலோரஸ். அவளுக்கு ஒரு கவலையும் இல்ல. நான்தான் இந்தத் தடவை தொங்கிட்டிருக்கேன். ஒன்னு எனக்குப் போட்டுட்டு, ரெண்டு அவளுக்குப் போடேன்.”

“அவ பத்திரமா இருக்கான்னா சரி” என்றாள். “உன்னைக் கைவிட முடியுமா?”

அந்தத் தெரு முழுக்க இதையே சொன்னேன். பொய்யா? இந்த நாட்டில் கூட்டாளியைப் பற்றி இதைச் சொல்லாத கவுன்சிலர் யார்?

திரும்பி வந்ததும் அட்ராக்டா பிடித்துக்கொண்டாள். “அந்தப் பக்கம் உனக்கு என்ன வேலை?”

“நாயைக் கூட்டிட்டு நடந்துட்டு வந்தேன்.”

“நம்மகிட்ட நாயே இல்லையே, பார்ட்லி.”

ஜூன் 7, வெள்ளி

ஓட்டுப்பதிவு. என் பக்கத்து ஆட்களிடம் சொல்லிவிட்டேன்: எனக்கு ஒன்று, அதோடு பேனாவைக் கீழே வை. அவளுக்கு இரண்டும் கிடையாது, இருபதும் கிடையாது.

ஜூன் 9, ஞாயிறு

ஜெயித்துவிட்டேன்.

கடைசி இடத்துக்கு மூன்று பேர்: எதிர்க்கட்சிக் கறிக்கடைக்காரன், நான், எமர். கறிக்கடைக்காரன் முன்னால். எனக்கும் எமருக்கும் மயிரிழை வித்தியாசம். அவள் பின்னால். அவளை வெளியேற்றிவிட்டு அவளுடைய சீட்டுகளைப் பிரித்தார்கள். தடுப்புக் கம்பியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு, கில்பேன். இரண்டு, கில்பேன். அடுத்ததும் கில்பேன். அவளுடைய சீட்டுகளில் என் பெயரைப் பார்க்க எனக்கே எரிச்சலாக வந்தது.

கறிக்கடைக்காரனைத் தாண்டியதும் என்னைத் தோளில் தூக்கினார்கள். இறங்கியதும் முதலில் வந்து கை கொடுத்தவள் எமர். “வாழ்த்துகள், பார்ட்லி. அட்ராக்டாவுக்கும் சொல்லுங்க.” கண் சிவந்திருந்தது. நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா? நான் இருந்தால் திட்டியிருப்பேன்.

ஜூன் 10, திங்கள்

கடையைத் திறந்திருக்கவே கூடாது.

காலையிலேயே டோலோரஸ். “எமர் தோத்துட்டாளாமே? நீதானே பத்திரமா இருக்கான்னு சொன்ன?” அவளுக்குப் பின்னால் அதே தெருவிலிருந்து இன்னொருத்தி. “நீங்கதானே சொன்னீங்க?” பிறகு ஒரு கிழவர், என்னையே முறைத்துப் பார்த்துவிட்டுப் போனார். எல்லாருக்கும் நான்தான் அகப்பட்டேன்! ஓட்டுப் போட்டது நீங்கள்தானே?

மத்தியானம் ஃபீலிக்ஸ் ஹேஸ்டிங்ஸ் வந்தான். எத்தனையோ வருடம் கழித்து என் கடைக்குள்.

“யோவ், ஜென்மத்துக்கும் உனக்கு நான் ஓட்டுப் போட்டிருக்க மாட்டேன். அந்தப் பொண்ணு மழையில நின்னு கெஞ்சுச்சு. ‘எனக்குப் போடாட்டியும் போகுது, பார்ட்லிக்கு ஒரு ரெண்டாவது போடுங்க, அவர் பக்கத்துல அவர் மேல கோவமா இருக்கிறவங்க நிறைய பேரு’ன்னு. பக்கத்து வீட்லயும் அதேதான் சொல்லிச்சாம். அவளுக்காக உனக்குப் போட்டேன். ஆணி இருந்தா கொடு.”

ஆணி கொடுத்தேன். பிறகு கடையை மூடிவிட்டேன்.

அவளை யார் கெஞ்சச் சொன்னது? நான் கேட்டேனா?

ஜூன் 11, செவ்வாய்

தூங்கவில்லை. அட்ராக்டா முதுகைத் திருப்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 24, திங்கள்

காலையிலிருந்து போன். எல்லாம் அந்தப் பக்கத்துப் புகார். குப்பை, தெருவிளக்கு, பள்ளிக்கூட வாசலில் நடைபாதை இல்லை. கடைசியில் டோலோரஸ். குரலில் உப்புச் சப்பில்லை.

“எமர்கிட்டதான் சொன்னேன். ‘இப்ப பார்ட்லிதான் உங்க கவுன்சிலர், அவர்கிட்ட சொல்லுங்க, நல்லா செய்வாரு’ன்னா.”

நல்லா செய்வாராம்! பழி வாங்குகிறாளா, நிஜமாகவே சொல்கிறாளா? கடவுளே, நிஜமாகவேதான் சொல்கிறாள். அதுதான் தாங்கவில்லை.

கோட்டை மாட்டிக்கொண்டு, நடைபாதை அளக்க டேப்பை எடுத்துக்கொண்டேன். கல்லாவிலிருந்து அட்ராக்டா நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்க கிளம்பிட்ட?”

“பாலத்துக்கு அந்தப் பக்கம்.”

“நாயைக் கூட்டிட்டுப் போ” என்றாள்.